கப்பல்பாருல நாலு இழுப்பு

4.3.84 ஞாயிறு

வெயில். மார்ச்சுக்கே இப்படி. காலையிலேர்ந்து கரண்டு இல்ல.

இந்த டைரி கரீம் நானா குடுத்தது. துபாய்ல ஏதோ கம்பெனி ஓசியா குடுத்ததாம், போன வருஷத்துது. வலது பக்கத்துலேர்ந்து திருப்பணும். அச்சடிச்ச தேதி எதுவும் சேராது, நானே போட்டுக்கறேன். அப்பா பாத்துட்டு, "பரவால்ல, பேனா புடிக்க மறக்கல"ன்னாரு. கெமிஸ்ட்ரி ரெண்டாவது வருஷத்துல காலேஜ விட்டு நின்னு ஏழு மாசம். ஒரு நாளைக்கு ஒரு குத்தாவது குத்தாம சோறு எறங்காது அவருக்கு.

விஷயத்துக்கு வர்றேன். மண்டபம். 24ம் தேதி கெளம்பறோம். நான், ஜமாலு, அவன் அண்ணன் கரீம் நானா. ராமநாதபுரம் வரைக்கும் பஸ்ஸு, அப்பறம் ரயிலு. மண்டபத்துக்கு எதிர்க்க வரிசையா தீவாம், ஒண்ணுலயும் ஆள் கெடையாது. தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குமாம். அடியில பவளப் பாறை. ஒரு தீவுக்கு அந்தாண்ட பழைய கப்பல் ஒண்ணு கவுந்து கெடக்காம், கதவு வழியா உள்ளயே நீந்திப் போலாமாம். எல்லாம் நானா சொன்னது.

எடுத்துட்டுப் போவ வேண்டியது:
சிலிண்டர் (காலி), வாய்ல கடிச்சுக்கற ரப்பர் குழாயோட
மொகமூடி 1, இன்னொண்ணு கண்ணாடி விரிசல்
கால்ல மாட்டற தவளைக் கால் ஒரு ஜோடி
நைலான் கயிறு, முப்பது பாகம்
அரிசி, மண்ணெண்ணெ ஸ்டவ்வு
இடுப்புக்கு கட்ட கனம். ஈயம் கெடைக்கல, தராசுக்கல் பாக்கணும்
அம்மாக்கு சொல்ல ஒரு பொய்

துபாய்லேர்ந்து வர்றவன் பொட்டியில டூ-இன்-ஒன்னு இருக்கும், சென்ட்டு இருக்கும். நானா பொட்டியத் தொறந்தா மஞ்சக் கலர்ல சிலிண்டர். பம்பாய்ல கஸ்டம்ஸ்காரன் குண்டான்னு கேட்டானாம். கடலுக்கு அடியில எண்ணெய்க் குழாய் போடற பிரெஞ்சு கம்பெனியில மூணு வருஷம் டைவரு. வேண்டாம்னு ஒதுக்கினத கேட்டு வாங்கிட்டு வந்திருக்காரு. ஜமாலோட உம்மா மூணு நாள் பேசல. "ஊருல ஒருத்தன் பொடவை கொண்டாறான், ஒருத்தன் தங்கம் கொண்டாறான். எம் புள்ள கேஸ் அடுப்புக்கு சிலிண்டர் கொண்டாந்திருக்கான், அடுப்பக் காணோம்."

ஏப்ரல்ல நானாவுக்கு நிக்காஹ். பொண்ணு பேரு சபியா, மளிகை மண்டி வெச்சிருக்க ஹாஜியார் மவ. மாப்ள டைவருன்னு ஹாஜியார் கடைத்தெரு முழுக்க சொல்லிட்டாரு. மே மாசம் மெடிக்கல் எடுத்துட்டு நானா திரும்ப துபாய். அதனால போனா இப்பதான்.

இன்னிக்கு கொல்லையில கயிறு பாடம். கீழ போறவன் இடுப்புல கயிறு, மேல இருக்கறவன் கையில மறுமுனை.
ஒரு இழுப்பு: நல்லா இருக்கேன்.
ரெண்டு: கயிறு வுடு.
மூணு: நானே மேல வர்றேன்.
நாலு: முடியல, தூக்கு.
இருவது தடவ போட்டு வாட்டுனாரு. எனக்கு போரு. ஜமாலு மட்டும் மண்டைய ஆட்டி ஆட்டிக் கத்துக்கிட்டான்.

6.3.84 செவ்வாய்

காத்து எங்க அடைக்கறது? நானாவக் கேட்டா, "மெட்ராஸ்ல விசாரிக்கணும்டா தம்பி." போன வாரமும் இதேதான். மெட்ராஸ் மெட்ராஸ்னு ஏப்ரல் வந்துரும்.

ஜமாலு ஐடியா: நெடுங்காடு ரோட்டுல லாரி டயருக்கு காத்தடிக்கற கடையில கேப்போம். காறித் துப்பினேன். டயருக்குப் போற காத்த மனுசன் நெஞ்சுக்குள்ள வுடுவானா? ஆஸ்பத்திரியில மூச்சு முட்டுனா என்ன குடுக்கறான்? ஆக்சிஜன். தண்ணிக்கு அடியில மூச்சு முட்டும். அப்ப என்ன குடுக்கணும்? காத்துல அஞ்சுல ஒரு பங்குதான் ஆக்சிஜன், மீதி சும்மா கெடக்கறது. முழுசும் ஆக்சிஜனா அடைச்சா அஞ்சு மடங்கு நேரம் நிக்கலாம். கெமிஸ்ட்ரி படிச்சவன் யாருடான்னு கேட்டேன். "பாதி படிச்சவன்"ன்னான். மண்டையில ஒண்ணு வெச்சேன்.

பொட்டியில ஒரு பொஸ்தகமும் இருக்கு, அந்தக் கம்பெனியோடது. பூரா பிரெஞ்சு. படம் பாத்தோம். மீனு, சிலிண்டர், ஒரு ஆளு கைய காலு விரிச்சுக்கிட்டு கெடக்கான். மூடிட்டோம்.

வெல்டிங் கேஸ் விக்கற கடையில கேட்டுட்டேன். பெரிய சிலிண்டர்லேர்ந்து சின்னதுக்கு ஏத்தலாம், வாய் சேரலன்னா லேத்துல பித்தளை கடைஞ்சுக்கங்கன்னாரு.

8.3.84 வியாழன்

அடைச்சாச்சு.

கடைக்காரரு செம்புக் குழாய மாட்டும்போது, "எண்ணெய் மட்டும் ஒரு சொட்டு பட்டுறக் கூடாது, கடையோட போயிருவோம்"னாரு. ஜமாலு தலைக்கு எண்ணெய் வெச்சிருந்தான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்னுக்கிட்டான்.

"யாருக்குங்க, ஊட்டுல சீக்காளியா?"
"கடலுக்குள்ள போறதுக்கு."
"அடி ஆத்தி. அப்ப நல்ல சரக்காவே போடறேன்."

சைக்கிள்ல சிலிண்டரக் கட்டி, மேல ஜமுக்காளம் போத்தி. வழியில ஒரு பெரிசு நிறுத்தி, "யாருப்பா, கொழந்தையா?"ன்னாரு.

நானாட்ட சொன்னேன். "அங்க ஏதோ மெஷின் வெச்சு அடிப்பானுவ... காத்துதானேடா இது?" "காத்த விட ஒசத்தி, நானா"ன்னேன். சிலிண்டரத் தடவிப் பாத்தாரு. சரின்னாரு.

மண்டபம் போறதுக்கு முன்னாடி ஒரு வெள்ளோட்டம். ஞாயித்துக்கெழம. கோட்டுச்சேரிமேட்டு வேலு அண்ணன் போட்டு. கரையிலேர்ந்து தள்ளி ஒரு எடத்துல எப்பவும் வலை மாட்டும், ஏதோ ஒடஞ்ச கப்பல் கெடக்குன்னு கப்பல்பாருன்னுவாங்க. ஏழு பாகம் ஆழம், ஏழு ஆள் உசரம். மொதல்ல நான் எறங்கறதுன்னு முடிவு. நீச்சல்ல மூணு பேருல நான்தான் கெட்டி. நானாவும் "நீயே போடா"ன்னாரு. அப்பவே எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. டைவரு அவரு, மொதல்ல நான் எதுக்கு எறங்கணும்?

10.3.84 சனி

பேனா முள்ளு தாளக் கிழிக்குது. கோவத்துல.

நானா போட்டோ ஆல்பம் காட்டினாரு. துபாய்ல எடுத்தது, பதினாலு போட்டோ. எல்லாத்துலயும் ரப்பர் சட்டை போட்டவன் வெள்ளக்காரன், இல்ல பிலிப்பைன்காரன். நானா பக்கத்துல நிக்கறாரு. லுங்கி, பனியன், தலையில துண்டு. கையில கயிறு. பதினாலுலயும் கயிறு.

"நீங்க எறங்கற போட்டோ?"
"எடுக்கல."
"ஒண்ணு கூடவா?"

அப்பறம் ஆல்பத்த மூடிட்டு சொன்னாரு. எறங்கினதே இல்லையாம். மூணு வருஷத்துல ஒரு தடவ கூட. கயிறு புடிக்கறதுதான் வேலையாம். நீச்சல் தெரியும், அவ்ளோதான். மொதல்ல லெட்டர்ல 'டைவருங்களோட வேலை'ன்னு எழுதியிருக்காரு. வாப்பா அதப் படிச்சுட்டு டைவருன்னு தெருவுல சொல்லி, தெருவு ஹாஜியாருக்கு சொல்லி, ஹாஜியார் பொண்ணு குடுக்கறேன்னு வந்து நின்னப்ப இவரு வாயத் தொறக்கல.

"சேகரு, நிக்காஹ் முடியட்டும்டா. நானே சொல்லிடறேன். மண்டபத்துல நீங்க எறங்குங்க, நான் மேல இருக்கேன். கயித்துல என்னைய மிஞ்ச ஆள் கெடையாது, அது மட்டும் பொய் இல்ல."

ரெண்டு மாசமா கடலுக்கு அடியில அத பாத்தேன் இத பாத்தேன்னு கத கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன். அந்த ஆமை. அந்த லாரி மாதிரி மீனு. எல்லாம் மேல ஏறி வந்தவனுங்க சொன்னது.

ஜமாலுக்கு முன்னாடியே தெரியும். "அண்ணன்டா, என்ன பண்ணச் சொல்ற"ங்கறான்.

யாருட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லிருக்கேன். ஆனா மூஞ்சி பாத்துப் பேச முடியல.

11.3.84 ஞாயிறு

எழுத முடியல. எழுதறேன்.

காலையில ஆறு மணி. கடல் எண்ணெய் மாதிரி கெடந்துச்சு. போட்டுல வேலு அண்ணன், நாங்க மூணு பேரு. இட்லி பொட்டலம். வேலு அண்ணன் சிலிண்டரத் தட்டிப் பாத்துட்டு, "மாப்ள, இத கட்டிக்கிட்டு எறங்குனா மீனு பயந்து நாகப்பட்டினம் போயிரும்"ங்கறாரு. நானாவ மாப்ளன்னுதான் கூப்பிடுவாரு.

கப்பல்பாரு வந்துச்சு. நங்கூரம் போட்டாச்சு. நான் மொகமூடிய எடுத்தேன்.

வேலு அண்ணன்: "ஏன் தம்பி நீ போற? டைவரு எதுக்கு இருக்காரு? துபாய்க்காரன்ட்ட சம்பளம் வாங்கிட்டு நம்ம கடல்ல எறங்க மாட்டாரா?"

நானா சிரிச்சு மழுப்புனாரு. அதப் பாத்ததும் எனக்கு வந்துச்சே ஒரு கோவம். சொல்லிட்டேன்.

"அவரு கயிறு புடிக்கட்டும்ணே. அது ஒண்ணுதான் அவருக்குத் தெரியும்."

வேலு அண்ணன் மொதல்ல நான் வெளையாடறேன்னு நெனச்சாரு. அப்பறம் நானா மூஞ்சியப் பாத்தாரு. "ஓகோ"ன்னாரு. அவ்ளோதான். ஓகோ.

நானா எங்கிட்ட வந்து மொகமூடியக் கையிலேர்ந்து வாங்கிக்கிட்டாரு. சிலிண்டர மாட்டிக்கிட்டாரு, தராசுக்கல்லு பெல்ட்டக் கட்டிக்கிட்டாரு. கயித்த மட்டும் அவரே முடிச்சுப் போட்டு ரெண்டு தடவ இழுத்துப் பாத்தாரு. மறுமுனைய எங்கிட்ட குடுத்தாரு. ஜமாலு, "நானா, வேணாம் நானா"ங்கறான். காதுல வாங்கல.

பிஸ்மி சொல்லிட்டு எறங்குனாரு.

தண்ணி மேல காத்து குமிழ் குமிழா வந்துச்சு. கயிறு போய்க்கிட்டே இருந்துச்சு. நின்னுச்சு. ஒரு இழுப்பு. நல்லா இருக்கேன். கொஞ்ச நேரம் கழிச்சு ரெண்டு. கயிறு வுட்டேன். இன்னொரு தடவ ஒண்ணு. பத்து நிமிசம் இருக்கும். அப்பறம் கயிறு ஒரு மாதிரி ஆடுச்சு. எண்ண முடியாத மாதிரி, கிடுகிடுன்னு. உடனே இழுத்தோம். கனம். மூணு பேரும் இழுத்தோம். கை எரிஞ்சுபோச்சு.

மேல வந்தப்ப ரப்பரு வாய்ல இல்ல. வாயெல்லாம் ரத்த நொரை. கண்ணு மேல சொருகி கையி காலு வெட்டி வெட்டி இழுக்குது. போட்டுல படுக்க வெச்சும் நிக்கல. பலகையில தலை டம்டம்முன்னு. வேலு அண்ணன் தலைய மடியில வெச்சுக்கிட்டு குப்புறத் திருப்பித் தண்ணிய எடுத்தாரு. அந்த ஆளு இல்லன்னா முடிஞ்சிருக்கும்.

கரைக்கு வந்ததும் யாரோ சாவிக்கொத்த கையில திணிச்சாங்க. இரும்பு புடிச்சா நிக்குமாம்.

பெரியாஸ்பத்திரி. உசுரு இருக்கு. நாக்கு பாதி கடிச்சிருக்கு, தையல்.

இட்லி பொட்டலம் எங்க போச்சுன்னு இப்ப யோசிச்சுக்கிட்டு இருக்கேன். எதுக்கு அது.

13.3.84 செவ்வாய்

அம்மா ரசம் வெச்சுக் குடுத்தாங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன்னு. நானாவால தண்ணி கூட முழுங்க முடியல. ரசத்த ஜமாலு குடிச்சான். அழுதுக்கிட்டே குடிச்சான்.

வார்டுல பேச்சு:
"காக்கா வலிப்புங்க. எங்க சித்தப்பா மவனுக்கும் இப்படித்தான்."
"தண்ணியப் பாத்தா வருமாம்."
"சின்ன வயசுலேர்ந்தே இருந்திருக்கும், மறைச்சிருக்காங்க."

உம்மா ஒருத்தர் விடாம புடிச்சு, "எம் புள்ளைக்கு ஒரு நாளும் வந்ததில்லங்க"ன்னு சொல்றாங்க. சொல்லச் சொல்ல ஜனங்க தலைய ஆட்டறாங்க. ஒருத்தரும் நம்பல.

வலிப்புன்னு டாக்டரு எழுதிட்டா துபாய் மெடிக்கல்ல பெயிலு. டைவரு வேலைய வுடு, கயிறு புடிக்கக் கூட சேக்க மாட்டான். ஹாஜியார் ஊட்டுலேர்ந்து நேத்தே ஆள் வந்துட்டுப் போச்சாம். நிக்காஹ் பத்திப் பேசலயாம். ஆப்பிள் குடுத்துட்டு, எத்தன வருஷமா இருக்குன்னு மட்டும் கேட்டாங்களாம்.

எனக்கு ஒண்ணு உறுத்துச்சு. அதுவரைக்கும் கல்லு மாதிரி இருந்த மனுசன். அன்னிக்குன்னு பாத்து, அந்த எடத்துலன்னு பாத்து ஏன் வரணும்?

பொஸ்தகத்துல அந்தப் படம். கைய காலு விரிச்சுக்கிட்டு கெடந்தானே ஒருத்தன்.

14.3.84 புதன்

எங்க தெருவுல மிசே இருக்காரு. பிரெஞ்சு பட்டாளத்துல இருந்துட்டு வந்து பென்ஷன் வாங்கறவரு. தெருவே மிசேன்னுதான் கூப்பிடும், பிரெஞ்சுல ஐயாங்கற மாதிரி. யாரும் போய் பேசறதில்ல, வள்ளுன்னு விழுவாரு. பொஸ்தகத்த எடுத்துக்கிட்டுப் போனேன்.

"வாசல்ல நில்லு. செருப்ப அங்க வுடு. என்ன அது?"
"இந்தப் படத்துக்குப் பக்கத்துல என்ன போட்டிருக்குன்னு சொல்லணுங்க."
"ஸ்கூல்ல பிரெஞ்சு எடுக்கலியா நீ?"
"எட்டாவது வரைக்கும்."
"அப்ப நீயே படி."

படிக்க முடியலன்னேன். கண்ணாடியத் தொடச்சுத் தொடச்சு மாட்டுனாரு. மனசுக்குள்ளயே ஒரு பக்கம் படிச்சாரு. அப்பறம் தமிழ்ல சொன்னாரு, கட்டளை போடற மாதிரி.

"சிலிண்டரில் சாதாரணக் காத்து மட்டும். சுத்தமான ஆக்சிஜன் ஒருக்காலும் அடைக்கக் கூடாது. மூணு நாலு ஆள் ஆழத்துக்குக் கீழ அது விஷம். முன்னாடி ஒண்ணும் தெரியாது, திடீர்னு கையி காலு வெட்டி இழுக்கும், வாயிலேர்ந்து குழாய் நழுவும், முழுகிருவான்." நிறுத்திட்டு என்னையப் பாத்தாரு. "யாரு அடைச்சது?"

நான் தூணப் புடிச்சுக்கிட்டேன்.

"உள்ள வந்து உக்காரு. விழுந்துறப் போற."

உக்காந்தேன். தண்ணி குடுத்தாரு. டம்ளர் பல்லுல அடிச்சுது.

டயருக்கு அடிக்கற காத்து. ஜமாலு சொன்னானே. அது கூட எவ்வளவோ மேலு. பொஸ்தகம் எட்டு நாளா எங்க கையில இருந்துச்சு. நான் மீனு படம் பாத்துட்டு மூடுனேன்.

15.3.84 வியாழன்

டாக்டருட்ட மொதல்ல சொன்னேன். பொஸ்தகத்தக் காட்டி மிசே சொன்னத அப்படியே ஒப்பிச்சேன். சின்ன வயசு டாக்டரு, மெட்ராஸ்காரரு. படத்த வெளிச்சத்துல வெச்சுப் பாத்தாரு.

"யாருய்யா நிரப்புனது?"
"நான்தாங்க."
"என்ன படிச்சிருக்க?"
"பி.எஸ்சி கெமிஸ்ட்ரிங்க. பாதி."
"இது மீதி பாதியில இருந்திருக்கும்."

வலிப்புன்னு இன்னும் எழுதலயாம். இனிமே எழுத மாட்டாராம். கேஸ் ஷீட்டுல இன்ன காரணம்னு போட்டுக் குடுக்கறேன்னாரு. ஆனா ஊரு வாய நீதான் மூடணும்னாரு.

அங்கதான் சிக்கல். ஹாஜியாருட்ட போய், சிலிண்டர்ல தப்பான காத்து, நான் அடைச்சேன்னு சொன்னா அடுத்த கேள்வி என்ன வரும்? டைவருக்கு இது தெரியாதா? மூணு வருஷம் மாட்டிக்கிட்டு எறங்குனவனுக்கு? அப்ப நானா பொய்யும் வெளிய வரும். வாய மூடிக்கிட்டு இருந்தா வலிப்புக்காரன். வாயத் தொறந்தா பொய்க்காரன். ரெண்டுல எதுன்னு நான் முடிவு பண்ண முடியாது. அவருட்டயே கேக்கணும்.

சாயங்காலம் வார்டுல யாரும் இல்லாத நேரம் பாத்துப் போனேன். நாக்கு வீங்கி வாய் மூட முடியல, பேச முடியாது. கட்டிலுக்குப் பக்கத்துல குந்திக்கிட்டு எல்லாத்தயும் சொன்னேன். ஆக்சிஜன்னா என்ன, பொஸ்தகத்துல என்ன போட்டிருக்கு. திட்டுவாரு, அடிப்பாருன்னு நெனச்சேன். அடிச்சா தேவலன்னு இருந்துச்சு. கூரையப் பாத்துக்கிட்டு இருந்தாரு. கண்ணோரம் தண்ணி காது வரைக்கும் ஓடுச்சு.

"ஹாஜியாருட்ட சொல்லட்டுமா நானா? சொன்னா கயிறு கதையும் சொல்லணும். வேணாம்னா நான் செத்தாலும் சொல்ல மாட்டேன். போட்டுல ஒரு தடவ வாய வுட்டது போதும்."

நான் எந்திரிக்கப் போனேன். சட்டை நுனி மாட்டிக்கிச்சு. திரும்பிப் பாத்தா அவரு கையில.

இழுத்தாரு. ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு.

முடியல, தூக்கு. வராந்தாவுக்கு வந்து வாந்தி எடுத்தேன். ஆயா, "யாரு கழுவுவா?"ன்னு கத்துச்சு. நானே கழுவுனேன்.

16.3.84 வெள்ளி

ஜும்மா முடிஞ்சு ஹாஜியார் ஊட்டுக்கு. ஜமாலு தெருமுனை வரைக்கும் வந்தான். "உள்ள நீ போ. தம்பிக்காரன் வந்து சொன்னா வக்காலத்துன்னுவாங்க."

ஹாஜியார் விசிறிக்கிட்டு உக்காந்திருந்தாரு. ஒக்காருங்க தம்பின்னாரு. எனக்கே ங்க போட்டுப் பேசறாரு. அதுவே ஒரு மாதிரி ஆச்சு. உள்கதவுத் திரை லேசா ஆடுச்சு, பின்னாடி ஆள் இருக்குன்னு தெரிஞ்சுது.

சுத்தி வளைக்கல. "வலிப்பு இல்லைங்க. நான் அடைச்ச கேஸுதான் காரணம்." பொஸ்தகம். டாக்டர் சீட்டு. படிச்சாரு. வெத்தல எடுத்தாரு, மடிக்காம கீழ வெச்சாரு.

"மாப்ளைக்கு இது தெரியாதா?"

வந்துருச்சு.

"தெரியாதுங்க. அவரு டைவரு இல்ல. கயிறு புடிக்கறவரு. ஒரு நாளும் எறங்குனதில்ல. இங்க வந்து சொல்லச் சொன்னதும் அவருதான்."

விசிறி நின்னுச்சு. திரை ஆடறதும் நின்னுச்சு. ஒரு கோழி மட்டும் முத்தத்துல கேறிக்கிட்டு.

"மூணு வருஷம் கயிறு புடிச்சானா?"
"ஆமாங்க."
"அவன் புடிச்ச கயித்துல எவனாச்சும் போயிருக்கானா?"
"இல்லைங்க. எல்லாரையும் மேல கொண்டாந்துட்டேன்னு சொல்லியிருக்காரு."
"அது நெசமா?"
"அது மட்டும் பொய் இல்லன்னாரு."

"கடைத்தெரு முழுக்க என்னைய டைவரோட மாமனாருன்னு கூப்பிடறானுவ"ன்னாரு. கோவமா, வெக்கமான்னு தெரியல. "யோசிக்கணும். நீங்க போங்க தம்பி. டீ குடிச்சுட்டுப் போங்க."

டீ வந்துச்சு. சக்கர இல்ல. மறந்துட்டாங்களா, வேணும்னேவான்னு தெரியல. குடிச்சேன்.

17.3.84 சனி

மேகமூட்டம். காத்து இல்ல. அம்மா வடாம் புழியலாமா வேணாமான்னு வானத்தப் பாத்துக்கிட்டு நிக்கறாங்க.

பதினோரு மணிக்கு ஜமாலு வந்தான். சைக்கிள்லேர்ந்து எறங்கல, ஒரு கால ஊணிக்கிட்டு நின்னான். அவன் அக்கா, அதான் லாத்தாவ அனுப்பி சபியாட்ட பேசச் சொல்லியிருக்காங்க. சபியா சொன்னதக் கேட்டு லாத்தாவே ஆடிப்போயிருச்சாம்.

ரெண்டு மாசமா அந்தப் பொண்ணு இந்த மாப்ள வேணாம்னு அழுதுக்கிட்டு இருந்திருக்கு. எதுக்கு? டைவருங்கறதால. கடலுக்கு அடியில போறவன், என்னிக்காவது மேல வர மாட்டான், நான் தந்தி வாங்கிக்கிட்டு உக்காந்திருக்கணுமான்னு. ஹாஜியார் காதுலயே போட்டுக்கல. நேத்து திரைக்குப் பின்னாடி நின்னு நான் சொன்னதக் கேட்டுட்டு உள்ள போய் மொத தடவையா ஒரு வாய் சோறு தின்னுச்சாம். "கயிறு புடிக்கறவருன்னு மொதல்லயே ஏன் சொல்லல"ன்னு கேட்டுச்சாம். பொய் சொன்னதுக்கு அப்பறமா அவரோட தனியா வெச்சுக்கறேன்னுச்சாம். நிக்காஹ் தேதி மாறல.

சிரிக்கறதா அழறதான்னு தெரியாம நின்னேன். எந்தப் பொய்யால பொண்ணு கெடைச்சுதுன்னு அவரு நெனச்சாரோ அதாலதான் போக இருந்துது.

ஜமாலு போகல.

"சபியா இன்னொண்ணு கேக்கச் சொல்லுச்சாம்."
"என்ன?"
"கயிறு ஆடுச்சாமே, ஆடினப்பறம் எவ்வளவு நேரம் கழிச்சு தூக்குனீங்கன்னு."

அவன் என்னையப் பாக்கல. ஹாண்டில் பார்ல இருக்க மணிய வெரலால சொரண்டிக்கிட்டு இருந்தான்.

"நான் சொல்லல. லாத்தாட்ட கூட சொல்லல. என்ன சொல்லணும்னு நீயே சொல்லு."

11ம் தேதியில பாத்தேன். 'உடனே இழுத்தோம்'னு எழுதியிருக்கேன். யாரும் படிக்காத டைரி. அதுலயும்.

உடனே இல்ல. கயிறு கிடுகிடுன்னு ஆடினப்ப நான் சிரிச்சேன். "பாத்தீங்களாண்ணே, டைவரு பயத்துல நடுங்கறாரு"ன்னேன். வேலு அண்ணன் சிரிக்கல. ஜமாலு, "தூக்குடா"ன்னான். "இரு, நாலு வரட்டும். கேக்கட்டும், அப்பறம் தூக்கலாம்"னேன். ஜமாலு கயித்தப் புடுங்க வந்தான், முழங்கையால தள்ளி வுட்டேன். அதுக்குள்ள கயிறு ஆடறது நின்னுபோச்சு. அப்பறம்தான் இழுத்தோம்.

எவ்வளவு நேரம்? தெரியல. சிரிச்சு முடிக்கற நேரம்.

ஜமாலு ஆறு நாளா இத எங்கிட்ட கேக்கல. எங்க ரசத்தக் குடிச்சான்.

அவன்ட்ட சொன்னேன். "நாலு வரட்டும்னு சிரிச்சுக்கிட்டு நின்னேன்னு சொல்லு. இதே வார்த்தையில சொல்லு."

"நானாட்டயா, அந்தப் பொண்ணுட்டயா?"

"ரெண்டு பேருட்டயும்."

சரின்னான். சைக்கிளத் திருப்புனான். ஏறல. தெருமுனை வரைக்கும் தள்ளிக்கிட்டே போனான்.